வௌவால் எச்சமும் ஒரு செப்புக்காசும்

தீயுருண்டை வீசும் மந்திரவாதியின் இடுப்புப் பையில் என்ன இருக்க வேண்டும்? வௌவால் எச்சத்தையும் கந்தகத்தையும் சேர்த்துப் பிசைந்த ஒரு சிறு உருண்டை. 1978-ல் வெளிவந்த ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஆட்டக்காரர் கையேடு இப்படித்தான் விதிக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. அதன் மூல வடிவமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை’ கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்டார்கள். மந்திரத்துக்குச் சொல் வேண்டும், கைமுத்திரை வேண்டும், மூன்றாவதாக ஒரு பொருளும் வேண்டும் என்பது அதன் விதி. கைகாக்ஸ் எழுதிய 1978-ஆம் ஆண்டுக் கையேட்டில் அந்தப் பொருள்களின் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது.

முதல் தடவை படிக்கிறவருக்கு வௌவால் எச்சம் வெறும் அருவருப்பு. கொஞ்சம் நிதானித்தால் வேறொன்று தெரியும். வெடிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றின் கலவை. குகைகளில் படிந்த வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு காய்ச்சி எடுக்கலாம். 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் அதைத்தான் செய்தன. மந்திரவாதியின் உருண்டையில் கரி மட்டும்தான் குறை. கைகாக்ஸ் ஒரு வேதியியல் நகைச்சுவையை விதியாக எழுதிவைத்து, முகத்தில் சிரிப்பில்லாமல் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

சாவி கிடைத்துவிட்டால் மற்ற பூட்டுகளும் திறக்கின்றன. மின்னல் பாய்ச்ச ஒரு துண்டு விலங்கு மயிரும், அம்பர் அல்லது கண்ணாடிக் கோலும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் கோலைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுக்கவைத்தோமே, அதே சோதனைதான். அம்பருக்குக் கிரேக்கர் வைத்த பெயர் எலெக்ட்ரான். மின்சாரத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் வந்தது அதிலிருந்து. தூரத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்க மெல்லிய செம்புக் கம்பி: தொலைபேசி. எல்லா மொழியும் புரிய, அடுக்குக் கோபுரத்தின் களிமண் பொம்மை: பாபேல். சுவரில் வழி திறக்க ஒரு சிட்டிகை எள்: அலிபாபாவின் குகை வாசல். மனத்தைக் குழப்ப மூன்று கொட்டை ஓடுகள்: தெருவோரம் மூன்று மூடிகளுக்கடியில் பட்டாணியை ஒளித்துக் காசு பிடுங்குகிறவனின் தொழிற்கருவி. ஒருவர் மனத்தில் ஓடுவதை அறிய ஒரு செப்புக்காசு. யோசனையில் மூழ்கியிருப்பவரிடம் ‘உன் நினைப்புக்கு ஒரு காசு தருகிறேன்’ என்று வேடிக்கையாகக் கேட்பது ஆங்கில வழக்கு. அந்தக் காசை மந்திரவாதி நிஜமாகவே கையில் வைத்திருக்கிறான்.

இந்தப் பட்டியலைப் பெரும்பாலான விளையாட்டு ரசிகர்கள் தொந்தரவாகவே பார்க்கிறார்கள். எனக்கோ கற்பனை உலகங்களின் இயல்பைப் பற்றி நிறையச் சொல்லும் ஆவணமாக இது படுகிறது. மந்திரத்துக்குப் பொருள் எதற்கு? வெறும் சொல்லே போதுமே. கைகாக்ஸ் தம் மந்திர முறைக்கு முன்மாதிரியாகக் கொண்ட ஜாக் வான்ஸ், 1950-ல் வந்த ‘தி டையிங் எர்த்’ நூலில் மந்திரத்தை மனப்பாடச் சுமையாகத்தான் வைத்தார்: பெரிய மந்திரங்களில் நாலைந்துக்கு மேல் ஒரு மண்டைக்குள் அடங்காது, ஏவியதும் மறந்துபோகும். அர்சுலா லெ குவினின் எர்த்சீ கதைகளில் பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும். இரண்டுமே அழகான ஏற்பாடுகள்தான். ஆனால் அவற்றில் கடைத்தெரு இல்லை. எள்ளும் அம்பரும் வேண்டும் என்று சொன்ன கணத்தில் அந்த உலகத்தில் யாரோ எள் விதைக்கிறார்கள், யாரோ தராசு பிடிக்கிறார்கள், யாரோ கலப்படம் செய்கிறார்கள்.

கைகாக்ஸின் வேடிக்கைக்குப் பின்னால் பழைய தர்க்கம் ஒன்று நிற்கிறது. ஜேம்ஸ் ஃபிரேசர் ‘தி கோல்டன் பௌ’ என்ற பெருநூலில் (முதற்பதிப்பு 1890) மந்திரச் சிந்தனையை இரண்டாகப் பிரித்தார்: ஒத்தது ஒத்ததை உண்டாக்கும், ஒருமுறை ஒட்டியிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும். இறகு கையிலிருந்தால் மெல்ல விழலாம் என்பது முதல் வகை. எதிரியின் தலைமயிரைத் தேடுவது இரண்டாவது. ஃபிரேசரின் மானிடவியலைப் பின்வந்த அறிஞர்கள் கடுமையாகக் கேள்விகேட்டார்கள். அது வேறு கதை. கைகாக்ஸ் இவற்றோடு மூன்றாவது விதி ஒன்றைச் சேர்த்தார் என்பது என் வாசிப்பு: சிலேடை. செப்புக்காசுக்கும் மனத்துக்கும் ஒப்புமையும் இல்லை, தொடர்பும் இல்லை. ஒரு பேச்சுவழக்கு மட்டுமே இரண்டையும் கட்டுகிறது. எதிரியை மந்தமாக்க ஒரு துளி கரும்புப்பாகு என்பதும் அப்படியே, ஆங்கிலேயர் மந்தமான ஆளைப் பாகுக்கு ஒப்பிடுவதால். எட்டுக்கால் பூச்சிபோலச் சுவரேற உயிருள்ள பூச்சி ஒன்றும் ஒரு துளி நிலக்கீலும் வேண்டும், அதிலும் பூச்சியை விழுங்க வேண்டும் என்றபோது ஃபிரேசரும் சிரிப்பும் கைகோத்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். கற்பனை உலகச் சரக்குகளில் பல ஒரு காலத்தில் நிஜக் கடைகளில் நிஜக் காசுக்கு விற்றவை. ஹாரி பாட்டரின் பள்ளியில் மந்திரக் கஷாயப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே கேட்கப்படும் பெசோவார் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் வயிற்றில் செரிக்காத நாரும் மயிரும் சுற்றி, அடுக்கடுக்காகச் சுண்ணம் படிந்து இறுகும் கட்டி அது. நஞ்சை முறிக்கும் என்று நம்பினார்கள். பாரசீகச் சொல்லின் பொருளே நஞ்சுமுறி என்பதுதான். 1563-ல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்ட்டாவின் மருந்துநூல் இதைப் பற்றிப் பேசுகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாவது, ஆகவே வேறு பொருள். ஆனாலும் விலங்கின் உடலுக்குள் கல்லாய் இறுகியதற்கு மருந்துமதிப்பு தரும் மனம் ஒன்றேதான்.

மதிப்பு ஏறினால் போலியும் வரும். பெசோவார் கல் கிடைக்காத குறையைத் தீர்க்கக் கோவாவிலிருந்த இயேசு சபையினர் பல பொருள்களை அரைத்துச் செயற்கைக் கற்களை உருட்டினார்கள். கோவாக் கற்கள் என்ற பெயரிலேயே அவை ஐரோப்பாவில் புகழ்பெற்றன. பொன்னால் செய்த சல்லடைக் கூட்டுக்குள் வைத்த கோவாக் கல் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லைவிடக் கூடு அழகு. 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே அரசனிடமிருந்த கல்லைச் சோதிக்கவே துணிந்தார். வெள்ளித் தட்டு திருடி மரண தண்டனை பெற்ற அரண்மனைச் சமையற்காரன் ஒருவன், நஞ்சு குடித்துப் பெசோவார் தின்று பிழைத்தால் விடுதலை என்ற பேரத்துக்கு ஒப்புக்கொண்டான். ஏழு மணி நேரம் துடித்து இறந்தான். அதன் பிறகும் விற்பனை நிற்கவில்லை. அரசனிடமிருந்த கல் போலியாக இருக்கும், என் கடைக் கல் அசல் என்று சொல்ல வியாபாரிக்கு எவ்வளவு நேரமாகும்?

இதன் உச்சம் 1603-ல் இங்கிலாந்தில் நடந்தது. சாண்டலர் என்ற பொற்கொல்லர் ஒரு கல்லைப் பெசோவார் என்று சொல்லி 100 பவுனுக்கு லோபஸ் என்பவருக்கு விற்றார். அது பெசோவார் இல்லை என்று தெரிந்து லோபஸ் வழக்குப் போட்டார். பெசோவார் என்று சொன்னது வெறும் சொல்தான், உத்தரவாதம் தரவில்லையே என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. வாங்குகிறவர்தான் விழித்திருக்க வேண்டும் என்ற சட்டக் கொள்கைக்கு மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. நுகர்வோர் சட்டத்தின் வரலாற்றில் ஒரு மந்திரக் கல் உட்கார்ந்திருக்கிறது. மந்திர உலகக் கதைகள் எழுதுகிறவர்கள் சந்தையை வருணிக்கிறார்கள், குடுவைகளையும் உலர்ந்த தவளைகளையும் அடுக்கிக் காட்டுகிறார்கள். வாங்கிய டிராகன் பல் பன்றிப் பல்லாக இருந்தால் எங்கே முறையிடுவது என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. எனக்கு அந்த நாவலைப் படிக்க ஆசை.

ஒற்றைக்கொம்பன் குதிரையின் கொம்பு என்று ஐரோப்பிய அரசர்கள் பொன்னெடைக்கு மேல் கொடுத்து வாங்கியது வடகடல் நார்வால் திமிங்கலத்தின் பல். டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் 1638-ல் அதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அதே டென்மார்க்கின் அரசர் அந்தப் பற்களால் அரியணை செய்துகொண்டார். கோபன்ஹேகனின் ரோசன்போர்க் மாளிகையில் அது இன்றும் இருக்கிறது. டிராகன் இரத்தம் என்று விற்றது சொகோத்ரா தீவில் குடைபோல விரியும் ஒரு மரத்தின் சிவந்த பிசின்.

மாண்ட்ரேக் கிழங்கு சற்று வேறு வகை. மனித உருவில் கவைத்த அந்த வேரைப் பிடுங்கினால் அலறும், கேட்டவர் செத்துவிழுவார் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. நாயை வேரில் கட்டி இழுக்கவைக்கும் உபாயத்தை, பாராஸ் என்ற இன்னொரு வேரைப் பற்றிச் சொல்லும்போது முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் விவரிக்கிறார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தியோஃப்ராஸ்டஸ் வாளால் மூன்று வட்டம் கீறி, மேற்கு நோக்கி வெட்ட வேண்டும் என்ற சடங்கைக் குறித்துவைத்தார். அதோடு நிற்காமல், வேர்வெட்டிகளும் மருந்து விற்பவர்களும் சொல்வதில் சில நியாயம், சில மிகை என்றும் எழுதினார். ஆபத்து அதிகம் என்றால் விலை அதிகம் என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஆனால் மாண்ட்ரேக்குக்கு உண்மையிலேயே வீரியம் உண்டு: நம் ஊமத்தையின் குடும்பம், அதே வகை நச்சுச் சத்துகள், அதே பிதற்றல். மரியாதையோடு தொட வேண்டிய வேர்தான். அலறல் மட்டும் கூடுதல் வசூல்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மாக்பெத் நாடகத்தின் சூனியக்காரிகள் கொப்பரையில் போடும் பல்லிபோன்ற நியூட்டின் கண்களும் தவளை விரல்களும் உண்மையில் மூலிகைகளின் நாட்டுப் பெயர்கள் என்று இன்று பரவலாகச் சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்துச் சான்று அதற்கு வலுவாக இல்லை. அருவருப்பே அந்தக் காட்சியின் நோக்கம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் சங்கேதப் பெயர் என்ற எண்ணம் வெறும் புனைவும் இல்லை. எகிப்தில் கிடைத்து இப்போது நெதர்லாந்தின் லெய்டன் நகரிலுள்ள கிரேக்க மந்திரப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் அகராதிபோல ஒரு பட்டியல் வருகிறது. பொதுமக்கள் ஆர்வக்கோளாறில் மந்திரத்தில் கைவைக்காதிருக்கக் கோயில் எழுத்தர்கள் மறைபெயர் வைத்தார்களாம். இதோ விளக்கம் என்கிறது சுவடி. பாம்பின் தலை என்றால் அட்டை. ஒரு குரங்கினத்தின் கண்ணீர் என்றால் சதகுப்பைச் சாறு. முதலைச் சாணம் என்றால் எத்தியோப்பிய மண். இந்த விளக்கமே ஒரு சூனியக்காரரின் கயிறுதிரிப்பாக இருக்கலாம் என்று ஐயுறவும் இடமுண்டு.

சித்தர் பாடல்களின் பரிபாஷையோடு பழகிய தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு குறைவு. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பூனைமீசை, எலிச்செவி, முயற்செவி, பேய்மிரட்டி, நரிவெங்காயம், யானைநெருஞ்சில்: வேலியோரச் செடிகளின் பெயர்கள். இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒரு வெளிநாட்டவர் கையில் கொடுத்தால் நம் பாட்டிமார் அனைவரும் கொப்பரை கிளறிய சூனியக்காரிகள் ஆகிவிடுவார்கள்.

கணினி விளையாட்டுகள் இந்தச் சரக்கு மரபை வேறு திசையில் கொண்டுபோயின. 2011 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு வெளிவந்தன: ஸ்கைரிமும், மைன்கிராஃப்டின் முழு வடிவமும். ஸ்கைரிமில் ஒவ்வொரு சரக்குக்கும் நான்கு குணங்கள், முதலில் நான்குமே மறைவு. வாயில் போட்டுப் பார்த்தால் ஒரு குணம் தெரியும். ஆகவே ஆட்டக்காரர் பட்டாம்பூச்சி இறக்கையிலிருந்து அரக்கனின் கால்விரல் வரை எல்லாவற்றையும் தின்றுபார்க்கிறார். மருந்தறிவு பிறந்த கதையை இவ்வளவு கூச்சமில்லாமல் சொன்ன விளையாட்டு வேறில்லை. மைன்கிராஃப்டில் சரக்குகள் இலக்கணம்போல வேலை செய்கின்றன. நெதர் வார்ட் என்ற பூசணம்தான் பெரும்பாலான கஷாயங்களுக்குப் பகுதி. சிவப்புக்கல் தூள் என்று சொல்லத்தக்க ரெட்ஸ்டோன் சேர்த்தால் காலம் நீளும். ஒளிக்கல் தூள் சேர்த்தால் வீரியம் கூடும். சிலந்திக் கண்ணைச் சர்க்கரையும் காளானும் சேர்த்துப் புளிக்கவைத்துப் போட்டால் பொருள் தலைகீழாகும்: வேகம் மந்தமாகும், இருட்டில் பார்க்கும் மருந்து கண்ணில் படாமல் மறைக்கும் மருந்தாகும். ‘செய்வான்’ என்பதைச் ‘செய்யான்’ ஆக்கும் எதிர்மறை உருபின் வேலைதான் அந்தக் கண்ணுக்கு.

ஸ்கைரிமில் மந்திரமே இல்லாத சாமான்களும் ஏராளம்: வாளி, தட்டு, துடைப்பம், கூடை. எடுக்கலாம், சுமக்கலாம், விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. எதற்கு வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆட்டக்காரர்கள் ஒரு பயன் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டால் அவர் கண் மறைந்துவிடும், கடையைக் காலிசெய்யலாம். வடிவமைத்தவர்கள் எண்ணியே பார்க்காத மந்திரம் இது, அதற்கான சரக்கு ஒரு வாளி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பயனற்ற பொருளைப் பகடை போட்டுக் கொடுக்கிறது: நூறு உருப்படிகள் கொண்ட பட்டியலில் முதலாவது ஒரு குட்டிப் பேயினத்தின் உலர்ந்த கை. விதிப்படி அதற்கு எந்த ஆற்றலும் கிடையாது. ஆனால் அதைக் கையில் வாங்கிய ஆட்டக்காரர் அன்றிரவே அதற்கு ஒரு கதை வைத்துவிடுகிறார்.

சில்லறைச் சாமானின் அருமையை அறிந்தவர் டோல்கின். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் (1954–55) மித்ரில் என்ற வெள்ளிநிற உலோகம் உண்டு. அதில் செய்த கவசம் ஒன்று ஹாபிட்டுகளின் நாடு முழுவதையும்விட விலைமதிப்புள்ளது என்கிறார் மந்திரவாதி கந்தால்ஃப். ஆனால் நினைவில் நிற்பது சாம் என்ற தோட்டக்காரனின் மூட்டைதான். சமையல் பாத்திரம், சக்கிமுக்கி, ஒரு சிறு உப்புப் பெட்டி. புறப்படும்போது கயிறு எடுக்க மறந்துவிட்டோமே என்று தவிக்கிறான். பின்னால் எல்வ்கள் கயிறு கொடுத்தபோது மந்திரப் பொருளையும் அவன் கயிறாகத்தான் மதிக்கிறான். பகைவனின் நாடான மோர்தோரில் சுமை தாளாமல் அந்தப் பாத்திரங்களைப் பாறைப் பிளவில் எறிகிற இடம், கவசங்கள் பறிபோகும் இடங்களைவிட எனக்குக் கனமாக இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோ தன் உப்புப் பெட்டியைத் தானே தொலைத்தது. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் 5 பொற்காசுக்கு ஒரு சரக்குப் பை. வாங்கிவிட்டால் விலை குறிக்காத எல்லாச் சரக்கும் அதில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். 2014-ல் பைக்கு 25 பொற்காசு, பை வேண்டாமென்றால் ஒரு கோலோ படிகமோ போதும். ஆட்டம் விரைவாயிற்று, எள் எண்ணும் எரிச்சல் ஒழிந்தது; அதை மறுக்க முடியாது. மிஞ்சியவை விலையுள்ள சரக்குகள் மட்டும்: அடையாளம் காண 100 பொற்காசு முத்து, இறந்தவரை எழுப்ப 500 பொற்காசு வைரம். புதிர் இருந்த இடத்தில் விலைச்சீட்டு வந்துவிட்டது. அதிலும் ஒரு சிக்கல். விதி வைரத்தின் எடையைச் சொல்லவில்லை, விலையைத்தான் சொல்கிறது. ஊரில் வைர விலை ஏறினால் கடுகளவு வைரம் உயிரைத் திருப்பித் தருமா? பேரம் பேசிக் குறைத்து வாங்கினால் பிணம் எழாதா? மேசைகளில் இது தீராத சண்டை.

இன்னொன்றும் உண்டு. செப்புக்காசும் கரும்புப்பாகும் ஆங்கிலப் பேச்சுக்குள் பிறந்தவை; தமிழில் ஆடும் மேசையில் அவை ஊமையாகிவிடும். மொழிபெயர்ப்பதைவிட மாற்றிப் போடுவதே சரி. ஒருவரை வாயடைக்கும் மந்திரத்துக்கு ஒரு கொழுக்கட்டை. மாயத்தோற்றம் காட்டக் காதில் சுற்ற ஒரு முழம் பூ. பார்த்தவர் நெஞ்சைப் பறிக்கச் சொக்குப்பொடி. அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பெயர் தயாராக இருக்கிறது. ஒன்றை அடியோடு மறைக்க ஒரு தட்டுச் சோறு, பூசணிக்காய் அளவுக்கு. ஏமாற்றித் தப்பிக்கக் கால் கிலோ அல்வா. கயிற்றைப் பாம்பாக்கும் மந்திரத்துக்குக் கயிறே போதும், கொஞ்சம் இருட்டும். ஆனால் பைக்குள் போட்டு மறந்துவிடும் கணக்கு இங்கே செல்லாது. பூ மாலைக்குள் வாடும், சோறு மறுநாள் ஊசிப்போகும், கொழுக்கட்டையைப் பசியெடுத்த தோழன் யாராவது நடுவழியில் தின்றிருப்பான்.